பாட்டு வேண்டும், பாடுகிறவர்கள் வேண்டாமா?
பிரித்தானியப் பண்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வாழும் மரபுகளைக் காப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கையில் உங்கள் நாடு 2024இல் சேர்ந்தது. அதையொட்டி மரபுக் கலைகளுக்கு ஒரு பட்டியலும் தயாரிக்கிறீர்கள். வண்டிகளையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த ரோமானி (ஜிப்ஸி) இனக் குடும்பங்களின் பெண்கள் வாய்வழியாகக் காத்துத் தந்த பாட்டுகளை, ‘ஆங்கில நாட்டார் பாடல்’ என்ற பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், அவர்கள் பெயரிலேயே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரோமானிப் பாடகி ஃபீபி ஸ்மித் 1913இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியின் ஃபேவர்ஷாமில், ஸ்காம்ப் குடும்பத்தில் பிறந்தவர். சகோதரர் சார்லியும் நல்ல பாடகர். கொல்லன் ஒருவன் காதலித்துக் கைவிட்ட பெண்ணின் பாட்டை ஃபீபி பாடிக் கேட்டிருக்கிறீர்களா? அவசரமே கிடையாது. ஒரு சொல்லைக் கீழிருந்து மெல்ல இழுத்து மேலே கொண்டுபோய், அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த சொல்லுக்கு வருவார். துணைக்கு ஒரு கருவியும் இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். ஏமாந்த பெண்ணின் கதைதான், ஆனாலும் அதில் கெஞ்சல் துளியும் இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. 1956இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் பீட்டர் கென்னடி அவரைப் பதிவு செய்தார். அவர் பாட்டுகள் தனி இசைத்தட்டாக வந்தது 1970இல்தான்.

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் கேரோலைன் ஹியூஸ் என்ற இன்னொரு ரோமானிப் பாடகி இருந்தார். 1960களில் நாட்டார் பாடகர்களான ஈவன் மக்கோலும் பெக்கி சீகரும் அவரைத் தேடிப்போய்ப் பதிவு செய்தார்கள்.

இந்தக் குடும்பங்களில் பெண்ணுக்கு உட்கார நேரம் கிடையாது. கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் துணி மாட்டும் கிளிப்பும் பூவும் விற்க வேண்டும். செப்டம்பர் பிறந்தால் பிள்ளைகுட்டிகளோடு, பீருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப் கொடித் தோட்டத்தில் பறிப்பு வேலை. திரும்பி வந்தால் தீ மூட்டிச் சமையல். பாட்டு இதற்கெல்லாம் நடுவில்தான். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்களிடமிருந்து நீண்ட கதைப்பாடல்கள் பிள்ளைகளுக்குக் காதுவழியே வந்து சேர்ந்தன.

அந்த ஹாப் பறிப்பை இயந்திரம் கொண்டுபோனது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தங்கும் இடத்தைப் பறித்தது சட்டம். இவர்களின் குடியிருப்பு வண்டிகள் தங்க இடம் அமைத்துத் தர வேண்டிய கடமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களுக்குக் கொடுத்தது. 1994இல் அந்தக் கடமை நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டமோ, அனுமதியில்லாமல் தங்கி இடைஞ்சல் தருவதாகச் சொல்லி வெளியேறச் சொன்ன பிறகும் போகாதவரைச் சிறைக்கு அனுப்பலாம், குடியிருக்கும் வண்டியையே பறிமுதல் செய்யலாம் என்கிறது. அதில் ஒரு பகுதி மனித உரிமைக்கு ஒத்துவராது என்று 2024இல் உங்கள் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ரோமானிகள் எல்லாரும் இன்று சாலையில் இல்லை, சரி. ஃபீபியும் பின்னாளில் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் நிலையாகக் குடியேறியவர்தான். ஆனால் நிற்பதும் போவதும் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு.

எனவே பட்டியலை முடிவு செய்யும் இடத்தில் ரோமானிப் பெண்களை உட்கார வையுங்கள். காப்பகங்களில் இருக்கும் ஒலிப்பதிவுகளின் படிகளைப் பாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுங்கள். 1968இன் கடமையைத் திரும்பக் கொண்டுவரும்படி, வீட்டுவசதியைக் கவனிக்கும் அமைச்சருக்கு உங்கள் துறையிலிருந்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாட்டார் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தமிழ் ரசிகை