காலைநேர சீகோங் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் தோ பாயோவில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மூச்சோடு சேர்த்து உடலை மெதுவாக அசைக்கும் சீனப் பயிற்சியான சீகோங் காலையில் வழக்கம்போல் நடந்தது. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் விடுமுறை விட்டோம். ஆண்டு விருந்து நல்லபடியாக முடிந்தது.

இந்த ஆண்டு நான் அதிகம் பாடுபட்டது நாற்காலி வகுப்புக்குத்தான். முழங்கால் வலியால் நிற்க முடியாமல் ஒதுங்கிப்போன முதியவர்களுக்காக அதைத் தொடங்கினோம். “உட்கார்ந்து செய்வதெல்லாம் சீகோங்கா?” என்று செயற்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். பாதுவான்ஜின் என்ற எட்டு சீகோங் பயிற்சிகளில் நின்று செய்யும் முறையும் உண்டு, உட்கார்ந்து செய்யும் முறையும் உண்டு. பல்லோடு பல்லை 36 முறை தட்டுவதும், காதுகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பின்மண்டையில் விரலால் தட்டும் ‘வானமுரசும்’ உட்கார்ந்து செய்யும் பழைய முறையில் உள்ளவைதான். 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது நின்று செய்யும் முறை. அதற்காக மற்றது போலி ஆகிவிடாது.

நின்று செய்யும் முறையின் முதல் பயிற்சியில் விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்க, வானத்தைத் தாங்குவதுபோல் கைகளை உயர்த்த வேண்டும். தோள் இறுகிப்போன ஒரு பாட்டிக்கு ஆரம்பத்தில் கை நெற்றியைத் தாண்டவில்லை. நம் ஆசிரியர் லாவ்ஷி அவசரப்படுத்தவே இல்லை. மூச்சை இழுக்கும்போது கை எழட்டும், விடும்போது இறங்கட்டும், அது போதும் என்றார். இப்போது அந்தப் பாட்டியின் கை தலைக்கு மேல் போகிறது. மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டவர்களிடம் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம்.

ஆனால் நாற்காலி எடுத்துப்போட ஆள் இல்லை. உதவுவதாகப் பெயர் கொடுத்த பலர் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கூரைக்கு அடியில்தான் பயிற்சி, அப்படியிருந்தும் மழை என்று காரணம் சொல்கிறார்கள். விட்டு விட்டுச் செய்தால் சீ என்ற உயிராற்றல் உடம்பில் தங்காது, தினமும் கொஞ்சமாவது செய்யுங்கள் என்று லாவ்ஷி எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

சந்தா மாதம் 5 சிங்கப்பூர் வெள்ளிதான். அதையும் ஆண்டின் நடுவிலேயே பலர் நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கி, நாற்காலிச் செலவு போகக் கையிருப்பு குறைவாகவே உள்ளது. கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

லாவ்ஷிக்கும், செயற்குழுவுக்கும், விருந்தில் உதவியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பை ஏற்க எனக்குச் சம்மதம்தான். ஆனால் நாற்காலி வகுப்பை இனியும் தனியாளாக நடத்த முடியாது. சனிக்கிழமைக் காலையில் இரண்டு பேராவது கூட நிற்க வேண்டும். முடிந்தவர்கள் இன்று கிளம்புவதற்கு முன் என்னிடம் பெயரைக் கொடுங்கள். அப்படியே சந்தா பாக்கியையும் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.

செயலாளர்