பெர்சி குடும்பம்: ஒரே கோடாக வந்த வம்சம் அல்ல

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் பெர்சி குடும்பத்தின் ஆனிக் கோட்டை பற்றிய தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை, இன்றைய நார்தம்பர்லாந்து டியூக் குடும்பத்தை நார்மன் படையெடுப்புக் காலத்து வில்லியம் டி பெர்சியின் நேரடி ஆண்வாரிசுகள் என்கிறது. உடன் வந்த வம்சப் படமும் ஒரே கோடாக இறங்குகிறது. உண்மையில் அது மூன்று இடங்களில் மகள் வழிக்கு மாறுகிறது.

வில்லியம் வாழ்ந்த காலத்தில் குடும்ப நிலங்கள் பெரும்பாலும் யார்க்‌ஷயரிலும் லிங்கன்ஷயரிலும் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் ஆண்வாரிசு அற்றுப்போனது. மகன் இல்லாவிட்டால் மூத்த மகளுக்கு மொத்தமும் போகாது. மகள்களுக்குச் சமபங்கு என்பதே அன்றைய ஆங்கிலச் சட்டம். கடைசி ஆண்வாரிசுக்கு மாட்டில்டா, ஆக்னஸ் என இரு மகள்கள். மாட்டில்டாவுக்குப் பிள்ளை இல்லை. ஆக்னஸை மணந்தவர் ஜோசலின். இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி அடலைசாவின் சகோதரர், இன்றைய பெல்ஜியத்திலுள்ள லூவெனைச் சேர்ந்தவர். அவர்களின் பிள்ளைகள் தாய்வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். நிலம் அந்தப் பெயரில் அல்லவா இருந்தது!

கோட்டையும் அவர்கள் கட்டத் தொடங்கியதல்ல. வெசி குடும்பத்திடமிருந்த ஆனிக்கை, டர்ஹம் பிஷப் ஆண்டனி பெக் கையிலிருந்து 1309இல் பெர்சிகள் வாங்கினார்கள். 1377இல் நார்தம்பர்லாந்து ஏர்ல் (டியூக்குக்குக் கீழான பிரபு நிலை) பட்டம். அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல: முதல் ஏர்லின் மகன் 'ஹாட்ஸ்பர்' 1403இல் ஷ்ரூஸ்பரி போரில் வீழ்ந்தார், முதல் ஏர்ல் 1408இலும், இரண்டாமவர் 1455இலும், மூன்றாமவர் 1461இலும் போர்க்களத்தில் மாண்டார்கள். 1461க்குப் பின் சொத்து பறிக்கப்பட்டது, பட்டம் நெவில் குடும்பத்துக்குப் போனது, 1470இல் திரும்பியது. இது அரசரின் தயவு என்று கட்டுரை எழுதுவது சரியல்ல. ஸ்காட்லாந்து எல்லையில் ஆள் திரட்ட பெர்சி பெயருக்கு இருந்த செல்வாக்கு வேறு யாருக்கும் கிடைக்கவில்லை, அதுதான் காரணம்.

இரண்டாவது முறிவு 1670இல். 11ஆவது ஏர்ல் ஜோசலின் ஒரு சிறு மகளை மட்டும் விட்டு இறந்தார். பட்டம் ஆண்வாரிசுக்கு மட்டும் என்பதால் அழிந்தது. நிலங்களோ மகள் எலிசபெத்துக்குப் போயின. பட்டமும் நிலமும் வெவ்வேறு விதிப்படி இறங்கும் என்பதைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். டப்ளினில் பெட்டி செய்துவந்த ஜேம்ஸ் பெர்சி என்பவர் பட்டம் தனக்கே என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். 1689இல் பிரபுக்கள் சபை அவரைப் போலி உரிமையாளர் என்று தீர்த்து, அதை எழுதிய தாளை அணிந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வலம்வர வைத்தது.

எலிசபெத் மணந்தது சாமர்செட் டியூக்கை. மூன்றாவது முறிவு அவர்களுடைய பேத்தியிடம். அவரை மணந்த யார்க்‌ஷயர்க்காரர் சர் ஹியூ ஸ்மித்சன், 1750இல் நாடாளுமன்றச் சட்டம் வழியே பெர்சி என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1766இல் டியூக் ஆனார். இன்றைய டியூக்குகளின் தந்தைவழி ஸ்மித்சன்தான். மகள் வழி ரத்தம் உண்டு, மறுக்கவில்லை. 'நேரடி ஆண்வாரிசு' என்பதுதான் தவறு.

கடைசியாக, அமெரிக்காவின் அருங்காட்சியக, ஆய்வு அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வித்திட்ட ஜேம்ஸ் ஸ்மித்சன் 'டியூக்கின் இளைய மகன்' என்ற வரியும் சரியல்ல. அவர் முதல் டியூக்குக்கு மணவுறவுக்கு வெளியே எலிசபெத் மேசியிடம் பிறந்தவர். முப்பது வயது தாண்டும்வரை மேசி என்ற பெயரில்தான் இருந்தார். 1829இல் அவர் இறந்தபின் சொத்து முதலில் சகோதரரின் மகனுக்குப் போனது. அவரும் வாரிசின்றி 1835இல் இறந்த பிறகே அமெரிக்காவுக்கு உரிமை வந்தது. நிறுவனம் பிறந்தது 1846இல்.

வம்சப் படத்தை மீண்டும் அச்சிட்டால், ஆக்னஸ், எலிசபெத், எலிசபெத்தின் பேத்தி ஆகிய மூன்று பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று வாசகர், திருச்சி