பீரங்கி வார்க்கும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பீரங்கிகளின் மாதிரிகளை வார்த்து விற்கும் பட்டறையாருக்கு,

வணக்கம். கருமருந்து எனும் பழைய வெடிமருந்தைக் கிட்டித்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தோட்டத்தில் அழகுக்கு நிற்கப்போகும் குழலுக்குப் பற்றுவாய், அதாவது மருந்துக்குத் தீ வைக்கும் சிறு துளை, போடாதீர்கள்.

துளை இருந்தால் என்றாவது ஒருநாள் மருந்து விழும். உங்களிடம் வாங்கியவர் போடாவிட்டாலும், அவரிடம் வாங்கியவர் போடுவார். வெறும் வார்ப்பிரும்பு வீங்கி எச்சரிக்காது. ஒரே நொடியில் சில்லுசில்லாகச் சிதறும். வார்ப்பில் ஒளிந்த காற்றுக்குமிழி மேலே பூசிய கறுப்புச் சாயத்துக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாது. தேர்ந்த கைகள் செய்த குழலும் தப்பியதில்லை. 1460-இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தம் படையின் பீரங்கி வெடித்தே இறந்தார். 1844-இல் 'பிரின்ஸ்டன்' கப்பலில் தேனிரும்புப் பீரங்கி வெடித்தபோது அமெரிக்காவின் வெளியுறவுச் செயலரும் கடற்படைச் செயலரும் மாண்டனர். அந்தப் பீரங்கிக்கு 'பீஸ்மேக்கர்' என்று பெயர் வேறு!

சுடுவதற்கென்றே விற்கும் குழலா? உள்ளே ஒட்டுத் தையலில்லாத எஃகுக் குழாய் இருக்கட்டும். மருந்து அமரும் பகுதியில் சுவரின் கனம் உள்விட்டத்துக்குக் குறையக் கூடாது: உள்விட்டம் 2 அங்குலம் என்றால் வெளிவிட்டம் 6 அங்குலம். குழாயின் பின்முனையை மரையாணி மட்டும் போட்டு மூடுவது போதாது. மரை இடுக்கில் கசடு தங்கும், கசடு ஈரத்தை இழுக்கும், ஈரம் எஃகை அரிக்கும். அடைப்பை இறுகப் பொருத்தி, முழுச் சுற்றும் பற்றவையுங்கள்.

இனி, பலரும் கவனிக்காத இடம். பற்றுவாய் குழலின் அடித்தளத்தை, அதாவது மூடிய பின்முனையின் உட்பரப்பை, ஒட்டியே இறங்க வேண்டும். அரை அங்குலம் முன்னால் தள்ளிப் போனாலும் அதற்குப் பின்னே ஒரு மூலை உருவாகும். முந்தைய வேட்டில் மருந்தைப் பொதிந்த தாளின் துண்டு அங்கே தணலாய்க் கிடக்கும். அடுத்த மருந்துப்பொதியை இடிகோலால் தள்ளும்போது அது பற்றினால், கோலோடு கையும் போகும். மருந்தறையைக் குழலைவிடக் குறுக்கிக் கடைவதிலும் இதே ஆபத்து: தணலை அணைக்க, குழலின் அகலத்துக்குச் செய்த ஈரத் துடைகோல் அறைக்குள் நுழையாது. அடித்தளம் அரைக்கோளமாக இருந்தால் துடைகோலின் தலையும் உருண்டிருக்க வேண்டும். தட்டைத் தலை விளிம்பில் மட்டும் தொட்டு, அடியைத் தொடாமல் நிற்கும். ஆகவே ஒவ்வொரு குழலோடும் அதன் அடிக்குப் பொருந்தும் துடைகோலையும், தாள் துண்டை இழுத்தெடுக்கும் திருகுக் கொக்கியையும் சேர்த்தே விற்றுவிடுங்கள். வண்டிச் சக்கரத்தின் வேலைப்பாட்டுக்குச் செலவிடும் உழைப்பில் கால்பங்கு போதும்.

உள்விட்டம், எஃகுக் குழாயின் தரம், அதன் சுவர்க்கனம் மூன்றையும் குழலை வண்டியில் தாங்கும் பக்க முளையின் முகத்தில் அச்சு அடியுங்கள். காகிதச் சான்று இரண்டாவது கைக்குப் போய்ச் சேராது.

இன்றைய துப்பாக்கித் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து இப்படிப்பட்ட எந்தக் குழலுக்கும் ஆகாது என்பதையும் அங்கேயே பொறித்துவிடலாம்.

அழகுக் குழல்களைத் துளையோடு ஏற்கெனவே விற்றிருந்தால், வாங்கியவர்களுக்கு எழுதித் திரும்பக் கேளுங்கள். மருந்தறையின் குறுக்கே ஓர் எஃகு முளையை அறைந்து அனுப்பினால் போதும். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
கருமருந்துப் பீரங்கி சுடுவோர்