மனை எண்களுக்கு முன் தண்ணீரின் வழியைக் குறியுங்கள்

மனைப்பிரிவு வரைபடம் தயாரிப்பவர்களுக்கும், அதற்கு ஒப்புதல் முத்திரை வைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் வரைபடங்கள் தாளில் அழகாகத்தான் இருக்கின்றன. எல்லா மனையும் ஒரே அளவு, எல்லாத் தெருவும் நேர்கோடு. ஆனால் அதே இடத்தின் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, அதன்மேல் வைத்துப் பார்த்தால், தெருக்கள் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகச் சரிவில் இறங்குவது தெரியும். மழை நாளில் அப்படிப்பட்ட தெரு வாய்க்கால்தான்.

கணக்கு எளிது. 1 மி.மீ. மழை என்பது 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 50 மி.மீ. பெய்தால் ஒரு ஹெக்டேரில் 5 லட்சம் லிட்டர். புல்லும் மரமும் இருந்தவரை அதில் ஒரு பங்கை மண் குடித்தது. கூரையும் தாரும் வந்தபின் பெரும்பகுதி ஓடுகிறது, முன்பைவிட வேகமாக. வேகம் இரட்டித்தால் அதே அளவு தண்ணீரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. நேற்று மணலை நகர்த்தியது இன்று கல்லை உருட்டும்.

எனக்கு உண்மையில் ஆற்றாமை, மழைநீர் இயல்பாக ஓடிவரும் பள்ளத்தைப் பற்றித்தான். ஆண்டில் பெரும்பாலும் வறண்டு கிடப்பதால் அதை ஓடை என்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வருவதில்லை; ஐந்து மனைகளாகக் கூறுபோட்டுவிடுகிறீர்கள். வாங்கியவர் ஒவ்வொருவரும் தன் மனையில் மண் கொட்டி மேடாக்கி, சுற்றுச்சுவர் எழுப்புகிறார். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. சண்டை அவர்களுக்குள் நடக்கிறது. பிழையோ நீங்கள் போட்ட கோட்டில். சுவரை இடித்துக் கட்டலாம். பத்திரம் பதிந்த எல்லையை நகர்த்துவது எளிதா?

அதனால் முகடு, பள்ளம், செங்குத்துச் சரிவு, தண்ணீர் தேங்கும் தாழ்வு ஆகியவற்றை முதலில் குறியுங்கள். தெருக்களை முகட்டின் மீதோ, சமஉயரக் கோட்டை ஒட்டி மெல்லிய சாய்வுடனோ கொண்டுபோங்கள். பள்ளத்தை முழுதாக, இருகரையிலும் மரம் செடிகளோடு, பொது இடமாக விடுங்கள். யார் வீட்டுக் கொல்லைக்கும் பின்னால் ஒளிக்காதீர்கள். மனை எண்ணிக்கை குறையும் என்பீர்கள். சாய்வு குறைந்த இடத்தில் மனைகளைச் சிறிதாக்கி நெருக்கினால் பல நேரம் அதே எண்ணிக்கை கிடைக்கும். தெருவின் நீளமும் குறையும்.

இன்னொன்று: பொக்லைன் வந்த முதல் நாளே மொத்த இடத்தையும் மொட்டையடிக்க வேண்டாம். கீழ்ப்பக்கம் வண்டல் தேங்கும் குட்டையை முதலில் வெட்டி, பகுதி பகுதியாகத் தோண்டி, மழைக்கு முன் புல்லால் மூடுங்கள். எடுத்த மேல்மண்ணைக் குவித்துக் காப்பாற்றுங்கள், திரும்பப் பரப்ப வேண்டியிருக்கும்.

ஒப்புதல் தருபவர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த கோப்பில் கூடுதலாக ஒரு தாள் கேளுங்கள். நீலக்கோடு போட்டு, அம்புக்குறி வைத்து, 'மழைநீர் வடிகால்' என்று எழுதிய தாளைச் சொல்லவில்லை. கட்டுமானத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தண்ணீர், எந்த இடத்தில், என்ன வேகத்தில் வெளியேறும், அதற்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அது வராமல் மனை எண்களைப் பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
சரிவின் கீழ்ப்பக்கம் குடியிருக்கும் ஒருவர்