உப்பளத்துப் பிள்ளைகள் எடுத்த பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கரைசல்கள் பாடத்தில் தெவிட்டிய கரைசலை, அதாவது இனி உப்பு கரையாது என்ற அளவுக்குக் கரைந்துவிட்ட தண்ணீரை, விளக்கும்போது, கடல்நீர் வற்ற வற்ற உப்பு படிகமாகும் என்று சொன்னேன். "முழுசா வத்த விட்டா உப்பு கசக்கும் டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. அவளுடைய அம்மா, அப்பா இருவருமே உப்பளத் தொழிலாளர்கள்.

அப்புறம் அவளும் இன்னும் நாலைந்து பேரும்தான் வகுப்பை நடத்தினார்கள். கடல் தண்ணீரின் அடர்த்தி மூன்று டிகிரி சொச்சம் இருக்கும், அதைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுவார்கள், வழியிலேயே ஜிப்சம் என்கிற இன்னொரு உப்பு அடியில் ஓடு மாதிரி படிந்துவிடும், 25 டிகிரி வந்த பிறகுதான் உப்புப் பாத்திக்குள் விடுவார்கள், 30ஐத் தொடுவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு கசக்கும், மூட்டையிலேயே கசியும், விலை போகாது. கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்க்கிற இந்த டிகிரி, தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவு. கசப்புக்கும் கசிவுக்கும் காரணம் கடைசித் தண்ணீரில் தங்கிவிடும் மக்னீசியம் உப்புகள். ஈரத்தை உறிஞ்சும் உப்புகளைப் பற்றி அதே பாடத்தில் சில பக்கங்கள் தள்ளி வருகிறது, அதை நான் தொடங்கும் முன்பே அவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரே தண்ணீரிலிருந்து உப்புகள் வரிசையாகப் பிரிவதை நான் கல்லூரியில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. இவர்களுக்கு எந்தப் பாத்தியில் கால் வைத்தால் ஜிப்சம் குத்தும் என்பது வரை தெரிகிறது.

இதில் வருத்தமும் உண்டு. உப்பு நன்றாக விளைவது கோடையில், பள்ளி விடுமுறையும் அப்போதுதான், பிள்ளைகள் பெற்றோரோடு அந்த வெயிலில் நின்றுதான் இதையெல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் அங்கே வேலைக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வீட்டில் தெரிந்துகொண்டதைப் பரீட்சைத் தாளில் எழுதலாம், அதற்கு மார்க் உண்டு என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

எங்கள் பகுதியிலும் வேதாரண்யம், மரக்காணம் பக்கத்திலும் உள்ள பள்ளிகள் இந்தப் பாடத்தை உப்பளத்திலேயே நடத்த, அதைச் செய்முறை வகுப்பாகக் கணக்கில் கொள்ள, பள்ளிக்கல்வித் துறை அனுமதிக்க வேண்டும். எங்களுக்குப் பேருந்துகூட வேண்டாம், நடந்தே போய்விடலாம். பாத்தியில் நின்று விளக்கும் தொழிலாளிக்கு மட்டும் அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும், ஒரு நாள் கூலி போனால் அந்த வீடு தாங்காது.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.