பெரிய கண்மாய் நாட்டுக் கருவேல மரங்களை மின்நிலைய விறகுக்கு வெட்டுவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
வடக்குத் தெரு ஆடு வளர்க்கும் குடும்பத்தார்,
பெரிய கண்மாய்க் கரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: சீமைக் கருவேல ஏலத்தின் பேரில் நாட்டுக் கருவேல மரங்களை வெட்டி மின்நிலையத்துக்கு ஏற்றுவதை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் முன்பு கொடுத்த எங்கள் மனுக்கள், கிராம சபைத் தீர்மானம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கண்மாயைத் தங்களுக்கு விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. குடிமராமத்துப் பணியைப் பார்வையிட வந்தபோது, உபரி நீர் வழியும் கலுங்குப் பக்கம் தங்கள் வண்டி நின்ற நிழல், இப்போது வெட்டிக்கொண்டிருக்கும் மரங்களின் நிழல்தான். மேலக் கரையில் ஏற்கனவே தூர் மட்டும் நிற்கிறது. கீழக் கரையாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காகக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. சீமைக் கருவேலத்தை அகற்றுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. 2017இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது அரிவாளோடு முதலில் இறங்கியது எங்கள் தெருக்காரர்கள்தான். ஏல அறிவிப்பிலும் சீமைக் கருவேலம் மட்டும் என்றுதான் இருந்தது.

2. ஆனால் ஏலதாரருக்கு டன் கணக்கில் பணம். சீமைக் கருவேலம் சிம்பும் முள்ளுமாக இருப்பதால் லாரி நிறைந்தாலும் எடை நிற்பதில்லை. நாட்டுக் கருவேல் அடிமரம் நாலைந்து போட்டால் போதும், எடை ஏறிவிடும். பவர்சாவில் அறுத்துக் கீழே போட்டு, மேலே சீமைக் கருவேல முள்ளைப் பரப்பி மூடிக்கொண்டு போகிறார்கள். வழியில் மறித்துப் பார்க்க ஆள் இல்லை.

3. இந்த மரங்களில் பல, 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவை. அன்றைக்குக் கண்மாய்க்குள் கன்று ஊன்றிய பெண்கள் இன்று பாட்டிகளாகத் தெருவில் இருக்கிறார்கள். பங்குனி முதல் வைகாசி வரை நம் சீமையில் பச்சை என்று எதுவும் இருக்காது, தங்களுக்குத் தெரியும். தரிசு காய்ந்து, வரப்பில் அறுகுகூடக் கருகிவிடும். அந்த மூன்று மாதமும் வெள்ளாட்டுக்குச் சோறு போடுவது கருவேல நெற்றுதான். விடியற்காலையில் மரத்தடிக்கு ஓட்டிப்போனால் உதிர்ந்த நெற்றைப் பொறுக்கித் தின்றே ஆடு வயிறு நிறைக்கும். சினை ஆடு மெலியாது, ஈன்றதற்குப் பால் வற்றாது. மீதியைச் சாக்கில் அள்ளி வைத்தால் ஆனி வரைக்கும் வரும். ஒரு ரூபாய் செலவு கிடையாது. போன கோடையில் மேலக் கரையில் நெற்று இல்லை. தவிடும் புண்ணாக்கும் கடனுக்கு வாங்கினோம். கட்டுப்படியாகாமல் சினை ஆட்டைக்கூட வந்த விலைக்குத் தள்ளினோம். குட்டிகள் பால் இல்லாமல் செத்தன. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாமே ஆட்டை விற்றுத்தான். கணவர் இல்லாத வீடுகளில் வேறு வருமானமே இல்லை. அப்புறம் வெயில். ஆடும் மேய்ப்பவரும் ஒதுங்க மேலக் கரையில் ஒரு கிளை இல்லை. இந்த ஒரு பத்தியை மட்டுமாவது தாங்கள் முழுவதும் படிக்க வேண்டும் ஐயா.

4. விறகில் எடுக்கும் மின்சாரம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, அதனால் தடுக்க வழியில்லை என்று எங்களுக்குச் சொல்கிறார்கள். சரி, அப்படியானால் வெட்டிய மரம் மறுபடி வளர வேண்டுமே? சீமைக் கருவேலத்தைத் தூரோடு விட்டால் மூன்று நான்கு வருடத்தில் மறுபடி விறகாகி நிற்கும். நாட்டுக் கருவேல் அப்படிப் பொதுவாகத் தழைப்பதில்லை. கன்று நட்டு, ஆடு கடிக்காமல் காத்து, அடிமரம் திரளப் பதினைந்து வருடமாவது ஆகும். மேலக் கரையில் ஒரு கன்றுகூட நடவில்லை. ஒரு மெகாவாட் நிலையம் நாள் முழுக்க ஓடினால் சுமார் 30 டன் விறகு வேண்டும். பத்து மெகாவாட் என்றால் நாளுக்கு 300 டன். எந்தக் கண்மாய் அதைத் தாங்கும்? ஒரு யூனிட்டுக்கு, புகைபோக்கியில் வெளியேறும் கரியமில வாயு நிலக்கரியை விட விறகில் அதிகம். மரம் திரும்ப வளர்ந்து அதை இழுத்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும். இது நாங்கள் கட்டிச் சொல்வது இல்லை. 2018இல் கிட்டத்தட்ட 800 விஞ்ஞானிகள், கழிவு விறகோடு நிறுத்துங்கள், எரிப்பதற்கென்று மரம் வெட்டாதீர்கள் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு எழுதினார்கள். சீமைக் கருவேலத்தை எரிக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் ஆட்டின் சோற்றை ஏன் எரிக்கிறார்கள்?

5. சீமைக் கருவேலத்தை அகற்றிய இடத்தில் நாட்டு மரங்களை மீட்க வேண்டும் என்று அரசின் 2022ஆம் ஆண்டுக் கொள்கையே சொல்கிறது. இங்கே நாட்டு மரத்தையே அகற்றுகிறார்கள்.

6. மனு கொடுத்தால் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அந்தத் துறையில் போய்க் கேட்டால் கண்மாய் எங்களுடையது இல்லை என்கிறார்கள். அடுத்த அலுவலகத்தில் மரம் எங்களுடையது இல்லை என்கிறார்கள். பிறகு யாருடையது? லாரிக்காரருடையதா? நாங்கள் எத்தனை முறைதான் பஸ் ஏறி வருவது? வருகிற நாளெல்லாம் ஆட்டை யார் மேய்ப்பது? கோபத்தில் எழுதுகிறோம் என்றால் மன்னிக்கவும். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஐயா, இப்போது மாசி. கீழக் கரை மரங்களில் காய் பிடித்திருக்கிறது. இன்னும் சில வாரத்தில் நெற்று உதிரும். அதற்குள் பவர்சா அங்கே வந்துவிடும். ஆகவே வெட்டை உடனே நிறுத்தி வைக்க உத்தரவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வனவரும் ஊர்க்காரர்கள் முன்னிலையில் நாட்டுக் கருவேல், வேம்பு, உடை மரங்களை எண்ணிப் பெயின்ட் அடித்துக் குறியிட்ட பிறகு, மீதியுள்ள சீமைக் கருவேலத்தை மட்டும் எடுக்கட்டும். ஏற்றிய லாரியைக் கலுங்கருகே நிறுத்திப் பார்த்து அனுப்ப ஒருவரை நியமியுங்கள். மேலக் கரையில் ஏலப் பணத்திலிருந்தே கன்று நட்டு வேலி போடச் சொல்லுங்கள். காவலுக்கு நாங்கள் இருக்கிறோம், கூலி வேண்டாம்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். கன்று, வேலியெல்லாம் பிறகு வரட்டும். கீழக் கரையில் வெட்டை நிறுத்துகிற உத்தரவு மட்டும் இந்த வாரமே வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடக்குத் தெரு ஆடு வளர்க்கும் குடும்பத்தார்
(கையொப்பங்களும் கைரேகைகளும் பின்பக்கம்)