ஒருமுறை வந்த டெங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை விட்டால் சத்துவாச்சாரியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "எனக்குப் போன வருஷமே டெங்கு வந்துடுச்சு, இனி வராது." தட்டம்மைக்குச் சரியான இந்தக் கணக்கு டெங்குவுக்கு ஒத்துவராது.

டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை தாக்கினால் உடல் அதற்கான ஆன்டிபாடிகளை (கிருமியைப் பிடித்து முடக்கும் புரதங்களை) உண்டாக்கி, அந்த வகையை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும். மற்ற மூன்றிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்கள்தான். பிறகு வேறு வகை நுழைந்தால், பழைய ஆன்டிபாடிகள் அதைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடித்தபடியே ரத்த வெள்ளையணுக்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்; வைரஸ் அங்கே பெருகும். காவல்காரனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை! இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' பவுடர் டப்பாக்கள் இதற்கு உதவாது. (விலையைப் பார்த்தாலே காய்ச்சல் வருகிறது.)

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி ஊழியர்கள், ஏற்கெனவே டெங்கு வந்த வீடுகளில், மறுபடி வந்தால் கடுமையாகலாம் என்பதையும் எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், வேலூர்